சீர்தூக்கிய செயல்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒரு நூலைப் பெயர்க்கப் புகுவோர் கலைச்சொற்களுக்கே பெரிதும் அஞ்சுவர் என்பது பொதுவான எண்ணம். உண்மை அதுவன்று. கலைச்சொல்லுக்குச் சொற்றொகுதிகள் உள. இல்லாதவிடத்து ஒன்றை ஆக்கிக்கொள்ளவுங் கூடும். மொழிபெயர்ப்பாளரை இடறி விழச் செய்பவை, பாடசாலைக் காலத்திலேயே பொருள் விளங்கிவிட்டதாகக் கருதப்படும் சாதாரணச் சொற்களே. 'டிலிபரெற்' என்பது அத்தகையதொரு சொல். அகராதியைப் புரட்டினால் அதற்கு இரு பொருள்கள் அடுத்தடுத்துக் காணப்படும். ஒன்று, வேண்டுமென்றே செய்யப்பட்ட என்பது. மற்றது, பரபரப்பின்றி ஆற அமரச் செய்யப்பட்ட என்பது. அயலவன் வீட்டுக்குத் தீ வைத்தவனின் செயலும், கைத்தடியூன்றிப் படியிறங்கும் முதியவரின் நடையும் ஆங்கிலத்தில் ஒரே அடையைப் பெறுகின்றன. முன்னையதில் பழி தொனிக்கிறது. பின்னையதில் ஒருவகை மதிப்புக்கூடத் தொனிக்கிறது. ஒரு சொல் இவ்விரு திசைகளிலும் எவ்வாறு சென்றது என்பது வெறும் சொல்லாராய்ச்சியாளரின் பொழுதுபோக்கு வினா எனத் தோன்றலாம். ஆயினும், இச்சொல்லின் பொருள் யாது என்பதைப் பொறுத்து மனிதர் கொலைத்தண்டனைக்கு ஆளாகியுள்ளனர், தப்பியுமுள்ளனர். ஒரு தலைமுறைச் சிறுவர் தமக்குச் சட்டம் வழங்கிய பாடசாலைக்கு வெளியே நிறுத்தப்பட்டுமுள்ளனர்.

சொல்லின் பிறப்பு இலத்தீனில். அம்மொழியில் 'லீப்ரா' என்பது துலாக்கோல். அதனடியாகப் பிறந்த வினை, இரு தட்டுகளிலும் இட்டு நிறுத்துப் பார்த்தல் என்னும் பொருளது எனப் பொதுவாகக் கொள்வர். ஆங்கிலத்தில் அது வினையாக வருங்கால் ஈறு நீண்டு 'டிலிபரேற்' என ஒலிக்கும். பெயரடையாக வருங்கால் ஈறு குறுகி 'டிலிபரெற்' என நிற்கும். வினை தன் பழைய பொருளை ஏறத்தாழச் சிதையாமற் காத்து வந்துள்ளது. பாராளுமன்றம் செய்வதும், யூரிமார் தனியறையிற் கூடிச் செய்வதும் அவ்வினையே. பெயரடையின் வரலாறுதான் சிக்கலானது. நிறுத்துப் பார்த்துச் செய்யப்பட்ட செயல் என்பதே அதன் முதற் பொருள். நிறுத்துப் பார்ப்பவன் அவசரப்பட மாட்டான். ஆகவே அவசரமற்றது என்ற பொருள் ஒரு பக்கத்திற் கிளைத்தது. நிறுத்துப் பார்த்தவன் தெரியாமற் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. ஆகவே தெரிந்தே செய்யப்பட்டது என்ற பொருள் மறுபக்கத்திற் கிளைத்தது. காலப்போக்கில் கிளைகள் வளர்ந்து அடிமரத்தை மறைத்துவிட்டன. இன்று செய்தித்தாள் வாசிப்பவருக்கு இச்சொல்லில் துலாக்கோல் தென்படுவதில்லை.

தமிழிலும் இத்தகைய உருவகம் உண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது. சீர்தூக்குதல் என்பது நிறுத்தலே. வள்ளுவர் நடுவுநிலைமையைப் பேசுமிடத்துத் துலாக்கோலையே எடுத்துக் காட்டுகிறார். எண்ணிச் செயற்படுதலுக்குத் தெரிந்து செயல்வகை எனத் தனியோர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆனால் அன்றாட வழக்கில் ஒருவன்மேற் குற்றஞ் சாட்டும்போது தமிழர் தராசைத் தேடுவதில்லை. 'வேண்டுமென்று செய்தான்' என்கின்றனர். இதன் அடி வேண்டுதல், அதாவது விரும்புதல். விரும்பிச் செய்ததும் நிறுத்துப் பார்த்துச் செய்ததும் ஒன்றாகா. அகராதிகள் அவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டும்போதே சிக்கல் தொடங்குகிறது.

இவ்வேறுபாடு புதிதன்று. அரிஸ்டோட்டில் தம் ஒழுக்கவியல் நூலின் மூன்றாம் பகுதியில் இதனை வரையறுத்துள்ளார். தன்னிச்சையாகச் செய்தல் என்பது பரந்தது. குழந்தைகளும் விலங்குகளுங்கூட அதிற் பங்குகொள்வன. ஆராய்ந்து தெரிந்தெடுத்துச் செய்தல் என்பது குறுகியது. சடுதியாகச் செய்யப்படும் செயல் தன்னிச்சையானதே, ஆயினும் தெரிந்தெடுக்கப்பட்டதன்று. இது அவர் முடிபு. ஆராய்வுக்கு அவர் ஆளும் கிரேக்கச் சொல் ஆலோசனைச் சபையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. மனிதன் தனித்திருந்து எண்ணுவதும் தனக்குள் ஒரு சபையைக் கூட்டுவதே என்பது போலும்.

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல்லை மீண்டும் கையிலெடுத்துப் பார்த்தவர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கவியற் பேராசிரியராயிருந்த ஜே. எல். ஒஸ்ரின். 1911இற் பிறந்து 1960இல் ஐம்பது வயதை எட்டுமுன்னரே மறைந்த இவர், இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய இராணுவப் புலனாய்வுப் பிரிவிற் பணியாற்றியவர். சிதறிக் கிடக்கும் சிறு செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முடிவு காணும் அப்பயிற்சி அவருடைய தத்துவத்திலும் படிந்திருந்தது எனலாம். 1956இல் அரிஸ்டோட்டிலியச் சங்கத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரை, மனிதர் சொல்லும் சாட்டுகளைப் பற்றியது. 'கைதவறிவிட்டது', 'கவனிக்கவில்லை', 'ஆள்மாறிவிட்டது' என்று மனிதர் நாள்தோறும் சொல்லும் சமாதானங்களில், தத்துவஞானிகள் நாற்காலியிற் சாய்ந்திருந்து ஒரு மாலைப்பொழுதிற் புனையும் பாகுபாடுகளிலும் நுட்பமானவை அடங்கியுள்ளன என்பது அவர் கருத்து. பல தலைமுறைகளின் பட்டறிவில் தேறி நின்ற சொற்களன்றோ அவை! அவற்றை ஆராய அகராதியையும் வழக்குப் பதிவேடுகளையும் வாசிக்குமாறு அவர் அறிவுறுத்தினார்.

அவர் எடுத்தாண்ட வழக்கொன்று 1874ஆம் ஆண்டுக்குரியது. மனநோயாளர் விடுதியொன்றின் பணியாளனான பின்னி என்பவன், நோயாளியொருவரைக் குளிப்பாட்டியபின் தொட்டியிலிருந்து வெளியே வருமாறு கூறினான். அவ்வேளை வேறொருவர் பேச்சுக்கொடுக்க அவன் கவனம் திரும்பியது. நோயாளி இன்னும் தொட்டியிலேயே இருக்க, தவறான குழாயைத் திருகிவிட்டான். பாய்ந்தது சுடுநீர். நோயாளி இறந்தார், பின்னி குற்றவாளியல்லன் எனத் தீர்ப்பாயிற்று. ஒஸ்ரினின் கண்ணுக்குப் பட்டது தீர்ப்பன்று. தவறுதல், கவனயீனம், அசட்டை என்னும் வெவ்வேறு சாட்டுச் சொற்களைச் சட்டத்தரணியும் நீதியரசரும் ஒன்றுக்கொன்று மாற்றீடாக வாரி இறைத்தமையே அவரை வியக்கச் செய்தது. ஓர் உயிர் போய், மற்றோர் உயிர் ஊசலாடும் இடத்திற்கூடக் கற்றவர் நாவிற் சொல் இவ்வளவு தளர்ந்து வருமாயின் வேறெங்கு அது இறுகி வரும்?

அவ்வுரையிலேயே அவர் சூப் அருந்துபவன் ஒருவனைக் காட்டுகிறார். 'டிலிபரெற்' என்பதன் வினையடையை வாக்கியத்தின் முன்னே வைத்தால், அவன் சூப்பை அருந்தியதே யாரையோ சினமூட்டுதற்கு எனப் பொருள்படக் கூடும். இறுதியில் வைத்தால், ஒவ்வொரு கரண்டிக்கும் இடைவெளிவிட்டு, நிதானமாக அருந்தினான் எனப் பெரும்பாலும் பொருள்படும். செயலைச் செய்யலாமா என்று நிறுத்துப் பார்த்தது முன்னையது. செயலின் ஒவ்வோர் அசைவையும் நிறுத்துப் பார்ப்பவன்போலத் தோன்றுவது பின்னையது. இரு பொருள்களுக்கும் நடுவே துலாக்கோல் அப்படியே நிற்பதை இதனிலும் எளிதாகக் காட்ட இயலாது.

1958இல் அமெரிக்காவில் ஆற்றி, அவர் இறந்தபின் 1966இல் அச்சேறிய பிறிதோர் உரையில், ஒரே மூச்சிற் சொல்லப்படும் மூன்று ஆங்கில வழக்குகளை அவர் பிரித்தார். கருதிச் செய்தல், நிறுத்துப் பார்த்துச் செய்தல், ஒரு பயன் நோக்கிச் செய்தல் என அவற்றை இங்கு குறித்துக்கொள்ளலாம். அவருடைய எடுத்துக்காட்டுகளைவிட யாழ்ப்பாணத்துக் கிடுகுவேலி ஒன்று இதனை நன்கு விளக்கும். அயல்வீட்டு அடுக்களை தீப்பற்றி எரிகிறது. ஒருவன் எல்லை வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறான். வேலியைப் பிய்க்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும், கருதியே பிய்க்கிறான். ஆயினும் அதனை அவன் நிறுத்துப் பார்க்கவில்லை, அதற்குப் பொழுதுமில்லை. இன்னொருவன் கிணற்றுக்குக் குறுக்குவழி வேண்டி ஒரு வாரம் எண்ணி, அயலவனின் கோபத்தையும் நடைத்தூரத்தையும் இரு தட்டுகளிலிட்டுப் பார்த்து, ஈற்றில் வேலியைப் பிரிக்கிறான். இது நிறுத்துப் பார்த்த செயல். மூன்றாமவனோ அயலவனை வழக்குக்கு இழுப்பதற்கென்றே வேலியில் கைவைக்கிறான். எல்லை வழக்குகளுக்குப் பேர்போன ஒரு மண்ணில் இம்மூன்றாமவனைப் பற்றி மேலும் விரித்தல் வேண்டுவதில்லை. மூவரையும் குறித்து 'வேண்டுமென்று வேலியைப் பிய்த்தான்' என ஒரே வாக்கியத்தைச் சொன்னால், முதலாமவனுக்குப் பெரும் அநீதி செய்தவராவோம்.

வேலியோடு நின்றிருந்தால் இது விளையாட்டாகவே முடிந்திருக்கும். ஆனால் ஒஸ்ரின் பிறப்பதற்கு நூற்றாண்டுக்கு மேலாக முன்னரே, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் இச்சொல்லின்மேல் மனித உயிர்களை ஏற்றி வைத்திருந்தது. கொலை எதுவாயினும் தூக்கு என்றிருந்த ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின் கடுமையைக் குறைக்க விரும்பிய அம்மாநிலம், 1794இல் கொலையை இரு தரங்களாகப் பிரித்தது. தெரிந்தும், நிறுத்துப் பார்த்தும், முன்னரே எண்ணியும் செய்யப்பட்ட கொலை முதலாந் தரத்தினது. மரணதண்டனை அதற்கு மட்டுமே உரியது. நெருக்கடியிற் செய்தவனைக் காப்பாற்ற வேண்டும் என்னும் இரக்கமே அச்சொற்றொடரைப் படைத்தது. ஏனைய மாநிலங்கள் பல அதனைப் பின்பற்றின. தமிழில் தூக்கு என்னும் ஒரே சொல் நிறுத்தலையும் கயிற்றிலேற்றலையும் குறிப்பது தற்செயலானதாகலாம். ஆயினும் சீர்தூக்கியவனுக்கே தூக்கு என்ற அச்சட்டத்தின் சாரத்தை வேறெம்மொழியும் இத்துணைச் சுருங்கக் கூறாது.

ஆனால் நீதிமன்றங்களின் கையில் அச்சொல் தேயத் தொடங்கியது. எவ்வளவு நேரம் எண்ணினால் நிறுத்துப் பார்த்ததாகும் என்ற வினா எழுந்தது. தீய மனத்தினனுக்குக் கொலையைத் திட்டமிடப் போதாத அளவு குறுகிய நேரம் என ஒன்றில்லை என்ற கருத்தினைப் பென்சில்வேனிய உயர் நீதிமன்றம் 1868இல் வெளியிட்டது. அக்கருத்துப் பரவிய இடங்களில் ஒரு கணமும் போதும் என்றாயிற்று. ஒரு கணம் போதுமாயின், கருதிச் செய்த கொலை யாவும் நிறுத்துப் பார்த்த கொலையாகிவிடும். இரக்கத்துக்காகச் செய்யப்பட்ட சொல் அவ்விரக்கத்தை அடைக்கும் கதவாயிற்று.

1927இல் நியூயோர்க் மாநிலத்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கொன்றில் இச்சிக்கல் முழு உருவிற் காணப்பட்டது. புரூக்ளினில் வாழ்ந்த கரூசோ என்னும் இத்தாலியக் குடியேற்றத் தொழிலாளியின் ஆறு வயது மகனுக்குத் தொண்டையழற்சி நோய் கண்டது. மருத்துவர் வந்து ஊசி ஏற்றிச் சென்றார். மறுநாள் பிள்ளை இறந்தது. மருத்துவர் மீண்டும் வந்தபோது, பிள்ளை இறந்த செய்தியைக் கேட்டு அவர் சிரித்ததாகத் தகப்பன் எண்ணினான். மருந்தே மகனைக் கொன்றது என்று நம்பியிருந்த அவன், மருத்துவரின் கழுத்தைப் பிடித்து நெரித்து, பின் கத்தியால் குத்திக் கொன்றான். மருத்துவர் உண்மையிற் சிரித்தாரா என்பதை இனி எவரும் அறியப் போவதில்லை. விசாரணை மன்று அவனை முதலாந் தரக் கொலைகாரன் எனக் கண்டு மரணதண்டனை விதித்தது.

மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி மீள்விசாரணைக்குக் கட்டளையிட்டது. கொல்லும் கருத்து அவனுக்கு இருந்தது என்பதை நீதியரசர்கள் மறுத்தாரில்லர். கத்தியை எடுத்துக் கழுத்திற் குத்துபவன் கொல்லக் கருதவில்லை என்று எவர்தாம் கூறுவர்? ஆனால் நிறுத்துப் பார்த்தலும் முன்னெண்ணமும் அங்கு இருந்தனவென நிறுவப்படவில்லை என்பதே அவர்கள் முடிபு. ஒஸ்ரின் பின்னர் வகுப்பறையிற் பிரித்துக் காட்டிய வேறுபாடு இங்கு ஒரு மனிதனுக்கும் மின்நாற்காலிக்கும் இடையே நின்றது. இதே நிகழ்ச்சியைத் தமிழில் எழுதும் ஒருவர், 'வேண்டுமென்று கொல்லவில்லை என நீதிமன்றம் தீர்ப்பளித்தது' என்று எழுதினால், நீதிமன்றம் கூறியதற்கு நேர்மாறானதை எழுதியவராவார். வேண்டுமென்றே கொன்றான், சீர்தூக்கிக் கொன்றானல்லன் என்பதே தீர்ப்பு.

அந்நீதிமன்றத்தின் தலைமை நீதியரசராக அப்போது வீற்றிருந்தவர் பெஞ்சமின் கார்டோசோ. மறுவருடமே நியூயோர்க் மருத்துவக் கழகத்தில் உரையாற்றிய அவர், இப்பாகுபாட்டின் தெளிவின்மையை மனந்திறந்து கண்டித்தார். ஒரு செயலைத் தெரிந்தெடுக்கும் மனம் எப்போதும் எதையோ தெரிந்தெடுத்தே செய்கிறது; எனவே சட்டத்தின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால் தரங்களின் வேறுபாடு மறைந்துவிடும் என்றும், பல்லாண்டுகள் இதனைப் பிரயோகிக்க முயன்ற தமக்கே இது விளங்கியதென உறுதியாகக் கூறவியலாது என்றும், இம்மயக்கமான உளவியலின்மேல் மனிதர் பலர் சாவுக்கு அனுப்பப்பட்டுள்ளனர் என்றும் அவர் கூறியதன் சாரம். நீதிபதியொருவர் தம் பதவியில் இருந்துகொண்டே இவ்வாறு ஒப்புக்கொள்வது அரிது.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை வேறு வழியிற் சென்றது. 1860ஆம் ஆண்டின் இந்தியச் சட்டக்கோவையை அடியொற்றி 1883இல் ஆக்கப்பட்ட இது, கொலையைக் கருத்து, அறிவு என்னும் இரண்டையும் கொண்டே அளக்கிறது. தராசை விதியாக வைக்கவில்லை. முன்யோசனையின்மை என்பது சடுதியான சண்டை போன்ற விதிவிலக்குகளில் மட்டும் தலைகாட்டுகிறது. ஆயினும் 'டிலிபரெற்' என்ற சொல் அக்கோவையினின்றும் முற்றாக விலகிவிடவில்லை. பிறருடைய மத உணர்வைப் புண்படுத்தும் சொற்களைக் குற்றமாக்கும் பிரிவில் அது காவலாக நிறுத்தப்பட்டிருக்கிறது. இந்திய மூலத்தில் அது சேர்க்கப்பட்ட காரணம் சுவையானது. சமய வாதத்தின் சூட்டில் வாய்தவறி வரும் கடுஞ்சொல்லைத் தண்டிக்கலாகாது. முன்னரே எண்ணிப் புண்படுத்த வந்தவனையே தண்டிக்க வேண்டும் என்பது அதனை வரைந்தோர் கருத்து. கருத்து என்ற சொல் அங்கு ஏற்கனவே இருந்தும் அதன்மேல் இவ்வடையையும் ஏற்றியதால், இரண்டும் ஒன்றல்ல என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர் என்பது பெறப்படும்.

இனி, சொல்லின் மற்றைக் கிளை. 1954ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி, வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனிப் பொதுப் பாடசாலைகள் நடத்துதல் அரசியலமைப்புக்கு முரணானது என ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்த்தது. பிரவுண் வழக்கு எனப் பெயர்பெற்ற அத்தீர்ப்பை எவ்வாறு நடைமுறைப்படுத்துவது என்பது மறுவருடம் மே 31இல் வந்த இரண்டாவது தீர்ப்பிற் கூறப்பட்டது. காலவரையறை எதுவும் விதிக்கப்படவில்லை. அதற்குப் பதிலாக, வேகம் என்னும் பெயர்ச்சொல்லின்முன் 'டிலிபரெற்' என்னும் அடை வைக்கப்பட்டது. நீதியரசர் ஹோம்ஸ் 1911இல் இரு மாநிலங்களின் கடன் வழக்கொன்றில் ஆண்ட தொடர் அது. அவரை வழிபடுமளவுக்கு மதித்த நீதியரசர் பிராங்பேட்டர் அதனை விரும்பினார். பிரான்சிஸ் தொம்சன் என்னும் ஆங்கிலக் கவிஞரின் புகழ்பெற்ற சமயக் கவிதையிலும் இவ்விரு சொற்களும் இணைந்து நிற்கின்றன. அங்கு அவை இறைவன் மனிதனைப் பின்தொடரும் நடைக்குரியவை. இறைவனுக்குக் காலம் ஒரு பொருட்டன்று. பாடசாலைப் பிள்ளைக்கு அவ்வாறன்று. அதன் பிள்ளைப் பருவம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும்.

ஆற அமர்ந்த வேகம் என்பது யாது? தலைமை நீதியரசர் வோறனும் அவர்தம் சகாக்களும், ஒவ்வோர் இடத்தின் சிக்கலையும் நிறுத்துப் பார்த்து, ஆனால் தாமதியாது முன்செல்க எனக் கருதியிருக்கலாம். தென்மாநிலங்களின் ஆட்சியாளர் அடையை எடுத்துக்கொண்டு பெயர்ச்சொல்லை விட்டுவிட்டனர். நிறுத்துப் பார்த்தல் மெல்லப் போதலாயிற்று. மெல்லப் போதல் நின்றுவிடுதலாயிற்று. வேர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வேட் மாவட்டம், கலந்து படிக்க விடுவதிலும் பாடசாலைகளையே மூடிவிடுவது மேல் எனத் துணிந்து 1959இல் தன் பொதுப் பாடசாலைகள் அனைத்தையும் மூடியது. வெள்ளைச் சிறுவர்க்குத் தனியார் பாடசாலை எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் 1964வரை, உறவினர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டோர் நீங்கலாக, முறையான பாடசாலையின்றி வளர்ந்தனர். முதலாந் தீர்ப்பின் பத்தாண்டு நிறைவில், தென்மாநிலங்களின் கறுப்பினப் பிள்ளைகளுள் வெள்ளையரோடு ஒரே பாடசாலையிற் படித்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரே. ஆற அமரும் வேகத்துக்கான காலம் கடந்துவிட்டது என்று நீதியரசர் பிளாக் 1964இல் எழுதவேண்டியிருந்தது. 1969 ஒக்ரோபரில் மிசிசிப்பி வழக்கொன்றில் நீதிமன்றம் அத்தொடரையே ஒதுக்கி, உடனடியாக என்ற எளிய சொல்லை வைத்தது. பதினான்கு ஆண்டுகளின் பின் வந்த சொல்! இங்கு பிழை அகராதியினது என்று எவருஞ் சொல்லார். இனவெறி வேறொரு சொல்லையும் வளைத்திருக்கும். ஆயினும் வளைவதற்கு இத்துணை வாய்ப்பான சொல் பிறிதொன்று கிடைத்திராது.

மூன்றாவதாகக் குறிப்பிட வேண்டியது இலங்கையோடு நெருங்கியது. தன்னுயிருக்குத் தானே ஊறு செய்துகொண்டவர்களைப் பற்றி எழுதும் ஆங்கில மருத்துவ ஏடுகள், 1970களிலிருந்து நெடுங்காலம் அச்செயலுக்கு முன்னால் 'டிலிபரெற்' என்ற அடையை வழக்கமாக இட்டு வந்தன. தற்செயலான விபத்தன்று எனக் காட்டுவதே அவற்றின் நோக்கம். அதாவது ஒஸ்ரின் பிரித்த மூன்றனுள் முதலாவதையே மருத்துவர் கருதினர். ஆனால் எழுதியது இரண்டாவதை. அதனால், நோயாளி எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துத் துணிந்தவர் என்றதொரு சாயல் கட்டிலருகே தொங்கும் குறிப்பில் ஏறிக்கொண்டது. பிரித்தானியாவில் இவ்வடை பொருந்தாது, குற்றஞ் சாட்டுவதுபோல் ஒலிக்கிறது என்ற எதிர்ப்பு எழுந்தது. 2004இல் வெளிவந்த அந்நாட்டின் தேசிய மருத்துவ வழிகாட்டி தன் தலைப்பிலேயே அவ்வடை இன்றி வந்தது.

இலங்கையில் தற்கொலை வீதம் 1995இல் இலட்சத்துக்கு 47 என்ற அளவை எட்டியிருந்தது. உலகில் மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. கிராமங்களில் பூச்சிகொல்லியே பெரும்பாலும் கருவியாயிற்று. நிறுத்துப் பார்த்துத் துணிந்தவர்கள் என்று இவர்களைக் கொண்டால், ஒன்றைத் தடுத்தால் இன்னொன்றைத் தேடுவர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். வடமத்திய மாகாண வைத்தியசாலைகளில் உயிர்தப்பியோரிடம் பின்னர் வினவிய ஆய்வாளர் கண்டது வேறு. அரைவாசிக்கு மேற்பட்டோர் எண்ணம் தோன்றி அரைமணி நேரத்துக்குள்ளேயே செயற்பட்டிருந்தனர். கைக்கெட்டியதை எடுத்தனர், அதன் கொடுமையைப் பற்றிப் பெரும்பாலோர்க்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் ஒரு சச்சரவு, பரீட்சை முடிவு, ஏச்சு, ஒரு மாலைப்பொழுது. அங்கு தராசு இருக்கவில்லை.

மிகக் கொடிய பூச்சிகொல்லிகளின் இறக்குமதி 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்டது. அடுத்த பத்தாண்டில் தற்கொலை வீதம் ஏறத்தாழ அரைவாசியாயிற்று. வைத்தியசாலைக்கு வருவோர் தொகை குறையவில்லை, வந்தவர்கள் பிழைத்தனர். 2008இலிருந்து மேலும் சில தடைகள் தொடர்ந்தன. 1995 முதல் 2015 வரையான இருபதாண்டில் இவ்வாறு காக்கப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். இதே காலத்திலேதான், 1998இல், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த பிரிவும் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டது. நினைத்துப் பார்த்தால், தடையை விதித்தோரும் பிரிவை நீக்கியோரும் அரிஸ்டோட்டிலைப் படித்துவிட்டுச் செய்தாரல்லர். சடுதிச் செயல் வேறு, துணிந்த செயல் வேறு என்ற அறிவு வயல்வெளிக் கிராமங்களிலிருந்தும் பிண அறைகளிலிருந்துமே வந்தது.

இக்கட்டுரைகளைத் தமிழாக்குவோர் முன்னால் இப்போது மூன்று சொற்கள் நிற்கின்றன. கரூசோவின் வழக்குக்குச் சீர்தூக்குதல் என்பது வேண்டும். வேண்டுமென்று என்பது அங்கு தீர்ப்பையே தலைகீழாக்கிவிடும். பிரவுண் வழக்குக்கு ஆற அமர என்பது பொருந்தும். அதன் சோம்பலும் சேர்ந்தே வரட்டும், மூலத்திலும் அது இருந்தது. வைத்தியசாலைக் குறிப்புக்கோ அடை எதுவும் வேண்டியதில்லை. 'தனக்குத்தானே தீங்கு செய்துகொண்டார்' என்றெழுதினாற் போதும்.